பதினேழாவது பாட்டு

எங்கள் காரில் ஒரே ஒரு சிடிதான் உண்டு. அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில் எங்கேயோ பிறந்து, எப்போதோ செத்தும் போன ஒரு கன்ட்ரி பாடகரின் புகழ்பெற்ற பாடல்கள். பதினாறு பாட்டு, கூடவே நான்கு போனஸ். என் கணவர் லண்டனில் பஸ் ஓட்டியவர். பஸ்ஸில் பாட்டுப் போட முடியாது என்பதால் அந்தக் குறை முழுவதையும் காரில் ஏறியதும் என் தலையில் இறக்கிவைப்பார். எனக்கு அந்தப் பாட்டுகள் கண்ணிலும் காட்டக்கூடாது. ஒன்றில் பெண் போய்விடுவாள், அடுத்ததில் வேலை போய்விடும், இன்னொன்றில் நாய் செத்துவிடும். ஏழாவது பாட்டில் ரயிலே போய்விடும். இவ்வளவும் போன பிறகும் அந்த மனிதர் ஆறுதலாகக் கிட்டார் வாசித்துக்கொண்டிருப்பார்.

கார் பழையது. சிடி பிளேயரில் அடுத்த பாட்டுக்குத் தாவுகிற பொத்தான் கழன்று விழுந்து, அந்த இடத்தில் ஓர் ஓட்டை மட்டும் இருந்தது. எஞ்சினை நிறுத்தி மறுபடி கிளப்பினால் சிடி முதலாவது பாட்டிலிருந்துதான் தொடங்கும். தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊர்ப் பக்கமுள்ள எங்கள் வீட்டிலிருந்து மரக்கறி வாங்கும் கடைத்தெருவுக்கு நான்கு பாட்டுத் தூரம். திரும்பி வர அதே நான்கு பாட்டு. இருபது வருடமாக அந்த நான்கையும் கேட்டுக் கேட்டு, வெறுப்பிலேயே எனக்கு அவை மனப்பாடமாகிவிட்டன.

முழுச் சிடியும் ஓட வேண்டுமென்றால் வடக்கு லண்டன் எட்மண்டனில் இருக்கும் மச்சாள் வீட்டுக்குத்தான் போகவேண்டும். மச்சாள் என் கணவரின் ஒரே தங்கை. ஒரு மணி நேரத்துக்கு மேலான பயணம் அது. பதினாறாவது பாட்டு முடிந்ததும் இவர் ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்து என் பக்கம் நீட்டி, "நிப்பாட்டும்" என்பார். கல்யாணம் செய்த நாளிலிருந்து என்னை ‘நீர்’ என்றுதான் அழைப்பார். கோபத்தில்கூட ‘நீ’ வராது. நான் அந்தக் கோபத்தைப் பலமுறை பரிசோதித்துப் பார்த்திருக்கிறேன்.

ஏன் நிறுத்த வேண்டும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அந்தச் சிடியை வாங்கிக் கொடுத்தது எங்கள் மகள், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சனிக்கிழமை வேலை செய்து உழைத்த முதல் சம்பளத்தில். அன்று இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பதினாறும் அவருடைய பழைய கசெட்டில் இருந்த அதே பதினாறு, அதே வரிசை. பதினேழாவது தொடங்கியதும் கண்ணைத் திறந்தார். அதில் பின்னணி வாத்தியம் எதுவும் இல்லை. கிட்டார் மட்டும். பாடகர் இரண்டாவது வரியில் தடுக்கி, இருமி, ஏதோ முணுமுணுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார். மறுபடியும் தடுக்குகிறார். சிரிக்கிறார். மூன்றாம் தடவைதான் முழுதாகப் பாடி முடிக்கிறார். ஒலிப்பதிவு அறையில் ஒத்திகைக்கு எடுத்து மூலையில் போட்டுவைத்திருந்ததைத் தேடியெடுத்துச் சேர்த்திருக்கிறார்கள்.

இவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"அந்த மனுசன் பிழைவிட்டதை ஆர் வெளியிலை விட்டது? அவர் உயிரோடை இருந்தா விட்டிருப்பாரோ?"

"பிள்ளை காசு குடுத்து வாங்கினதெல்லே. அதையும் கேட்டுத் துலையுங்கோவன்."

"அது மரக்கறிக் கடைக்காரன் சும்மா போட்டுக் குடுக்கிற கறிவேப்பிலை. ஆரும் கறிவேப்பிலையைச் சாப்பிடுறவையே? நிப்பாட்டும்."

அதோடு சரி. பதினேழிலிருந்து இருபது வரையான நான்கு பாட்டுக்கும் எங்கள் வீட்டில் இடமில்லாமல் போனது.

போன வருடத் தொடக்கத்தில், காலை ஷிப்டுக்குப் போவதற்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது இவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. சப்பாத்து நூலைப் பார்த்தபடியே இருந்தார். கூப்பிட்டேன், நிமிரவில்லை. ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வந்தது, ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் கால் வந்தது, கையும் ஓரளவு வந்தது. பேச்சு வரவில்லை. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும். செய்தி கேட்பார், முகம் சுளிப்பார், தலையை ஆட்டுவார். வாயைத் திறந்தால் மட்டும் ஒரு ‘ஓம்’கூட வராது. இவர் பேசிப் பேசியே ஆளைக் களைக்க வைக்கிறவர். சாப்பாட்டு மேசையில் அவர் எதிரே இருந்து நான் மட்டும் கதைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன்.

யாருக்காவது நோய் வருத்தம் என்றால் எங்கள் ஆட்கள் வீட்டில் இருக்கமாட்டார்கள். தோடம்பழப் பையும் சத்துமா டின்னுமாக இரண்டு பேர், நான்கு பேர் என்று வருவார்கள். வந்து, சோபாவில் இவருக்கு எதிரே இருந்துகொண்டு, இவரைப் பார்த்தபடி என்னிடம் கேட்பார்கள். "சாப்பிடுறாரோ? நித்திரை கொள்ளுறாரோ? ஆக்களை ஆரெண்டு மட்டுக்கட்டுறாரோ?" ஆளை முன்னால் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்பது எங்கே படித்த பழக்கமோ தெரியாது. ஒருநாள் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"எப்பிடிக் கதைச்சுக்கொண்டு திரிஞ்ச மனுசன். பாவம்."

அந்தப் ‘பாவம்’ எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் காரில் இருந்த சிடியை எடுத்து வீட்டிலிருந்த பாட்டு செட்டில் போட்டு வைத்திருந்தேன். எழுந்துபோய் சத்தத்தைக் கூட்டி, ரிமோட்டில் ஏழை அழுத்தினேன். அவருக்கு உயிரான ரயில் பாட்டு. அவர்கள் கதையை அடக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

இவர் பாடினார்.

ஒரு சொல் பிசகவில்லை. பாடகரின் மூக்கால் இழுக்கும் அந்த இழுவையோடு, கடைசி வரி வரைக்கும், ஆங்கிலத்தில். வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் அழுதார். "குரல் அப்பிடியே கிடக்கு! சுகம் வந்திட்டுது!" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். அன்று பின்னேரத்துக்குள் கனடாவிலிருந்து போன் வந்துவிட்டது.

இங்கேதான் நான் பிழைவிட்டேன். இல்லை என்று நான் சொல்லவில்லை. எட்மண்டனிலிருந்து மச்சாள் அழுதுகொண்டு எடுத்து, "அண்ணை கதைக்கிறாராமே, மச்சாள்?" என்று கேட்டபோது, "ஓம் ஓம், நல்லாய் வருகுது" என்றேன். பிறகு அது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. யாராவது போன் எடுத்தால் செட்டைப் போட்டு, இவர் வாயருகே போனைப் பிடிப்பேன். ஒரு பாட்டுப் பாடுவார். உடனே போனை வாங்கி, "அவருக்குக் களைப்பு, படுக்கப் போறார்" என்பேன். ஆட்கள் வருகிறார்கள் என்றால் முன்கூட்டியே பாட்டைத் தேர்ந்து வைப்பேன். பதினாறு பாட்டும் அவருக்கு வந்தது. பதினாறு முடிந்ததும் தானே எழுந்துபோய் செட்டை நிறுத்துவார். அந்தப் பழக்கத்தை மட்டும் ஸ்ட்ரோக் தொடவில்லை.

மகளுக்கு வேலை ஸ்கொட்லாந்தில். மாதத்தில் ஒரு தடவை வருவாள். நான் போனில் இவரைப் பாடவைப்பதைப் பார்த்துவிட்டு, "அம்மா, திஸ் இஸ் நொட் ஓகே" என்றாள். "உமக்கு ஒண்டும் தெரியாது, சும்மா இரும்" என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

வாரம் ஒருமுறை ஸ்பீச் தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தாள். மலேசியத் தமிழ்ப் பிள்ளை. இங்கே படிக்க வந்து இங்கேயே வேலையெடுத்துத் தங்கிவிட்டவள். என்னை ஆண்ட்டி என்பாள். சிரித்த முகம், ஆனால் லேசில் ஏமாற்ற முடியாது. நான் பெருமையாக அந்த ரயில் பாட்டைப் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டாள்.

"அருமையா பாடுறாரு அங்கிள். ஆனா ஆண்ட்டி, பாட்டு வேற, பேச்சு வேற. மனப்பாடமா இருக்கிறது தானா வரும். அங்கிளுக்கு என்ன வேணுமோ அதை அங்கிளே சொல்லணும். ஒரே ஒரு சொல் போதும். அதுதான் எனக்கு வேணும்."

பிறகு நாட்காட்டியை எடுத்து இவர் முன்னால் வைத்து, அன்றைய தேதியைத் தொட்டு, என்ன என்று கேட்டாள். அன்று ஐந்தாம் தேதி. இவர் உதட்டைக் கடித்தார், நெற்றி வியர்த்தது. அவள் மெதுவாக "ஒண்ணு..." என்று எடுத்துக் கொடுத்தாள். உடனே இவர், "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு" என்று ஓடிவந்து ஐந்தில் நின்றார். நான் கைதட்டப் போனேன். அவள் கையமர்த்தினாள்.

"எண்ணினா வருது. முதல்ல இருந்து ஆரம்பிச்சாத்தான் அங்க போய்ச் சேர முடியுது. நேரா ‘அஞ்சு’ன்னு வரணும்."

எங்கள் காருக்கும் இவருக்கும் ஒரே வருத்தம் என்று நினைத்தேன். சிரிப்பு வரவில்லை. பாட்டு வருகிறதே, அது போதாதா என்று அவள் மீது கோபம் வந்தது. அவள் போன பிறகு குசினிக்குள் நின்று அழுதேன், அவள் சொன்னது சரி என்று தெரிந்ததால்.

மச்சாளின் கணவருக்கு அறுபதாவது பிறந்தநாள் வந்தது. கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட் பக்கம் விழா மண்டபமாக ஒரு ஹோல் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு. மச்சாள் போனில், "அண்ணை பாடத்தான் வேணும். எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்" என்றாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். நான் இவருக்குச் சட்டை அயர்ன் பண்ணினேன். வழியில் பாடிப் பழகட்டும் என்று சிடியைத் திரும்பக் காரில் போட்டேன். இவருக்கு இனி ஓட்ட அனுமதி இல்லை, நான்தான் ஓட்டினேன். முப்பது வருடம் லைசன்ஸ் வைத்திருந்தும் இவர் பக்கத்தில் இருக்கும்போது ஓட்டியதில்லை. பஸ் சாரதிக்குப் பக்கத்தில் எந்த மடைச்சி கார் ஓட்டுவாள்? இப்போது நான் கியரை உரசும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாரே தவிர, ஏச முடியவில்லை. ஏசமாட்டாரா என்று ஏங்கினேன்.

ஹோல் நிறைய ஆட்கள். யாரோ போனில் அந்தப் பாட்டுகளைத் தேடிப் போட, இவர் மேடையேறி மூன்று பாட்டுப் பாடினார். வெளியே நின்றவர்களும் உள்ளே வந்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது, பொய் சொல்லக்கூடாது. மூன்றாவது முடிந்ததும் அறிவிப்பாளர் மைக்கோடு இவர் அருகே போனார். எங்கள் விழாக்களில் அறிவிப்பாளர்களுக்கு ஒருவரையும் சும்மா இறங்கிப்போக விட மனம் வராது. அதை நான் எப்படி மறந்தேனோ தெரியாது.

"அண்ணை, எங்கடை பிறந்தநாள்காரருக்கு உங்கடை வாயாலை ரெண்டு வார்த்தை!"

இவர் வாயைத் திறந்தார். ரயில் பாட்டின் முதல் வரி வந்தது.

ஹோல் சிரித்தது. பகிடி என்று நினைத்துவிட்டார்கள். அறிவிப்பாளரும் சிரித்து, "அது விளங்குது அண்ணை, ஆனா தமிழிலை, மச்சானுக்கு!" என்றார். இவர் தன் மச்சானைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சொல்ல நினைத்ததெல்லாம் இருந்தது. மறுபடியும் அதே ரயில் வரிதான் வந்தது. இந்த முறை பாதிப் பேர்தான் சிரித்தார்கள். மூன்றாவது முறை ஒருவரும் சிரிக்கவில்லை. இவர் திரும்பி, அத்தனை சனத்துக்குள் என்னைத் தேடினார்.

நான் எப்படி மேடைக்குப் போனேன் என்று தெரியாது. மைக்கைப் பிடுங்கினேன்.

"இவருக்குக் கதைக்க வராது. பாட்டு மட்டும்தான் வரும். ஸ்ட்ரோக் வந்த நாளிலையிருந்து ஒரு சொல்லும் கதைக்கேல்லை. நான்தான் எல்லாருக்கும் ஒளிச்சனான். அவரிலை ஒரு பிழையும் இல்லை."

சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. கார் நிறுத்துமிடம் வரைக்கும் மச்சாள் பின்னால் ஓடிவந்தாள். "ஏன் மச்சாள் எனக்கு மறைச்சனீங்கள்? என்ரை அண்ணை எல்லோ? நான் போனிலை பாட்டைக் கேட்டுட்டு நிம்மதியாய்ப் படுத்தனான்" என்றாள். பாவம் என்று ஒருவரும் சொல்லக்கூடாது என்பதற்காக, அவருடைய தங்கை அவருக்காகக் கவலைப்படுவதையும் நான் நிறுத்தி வைத்திருந்தேன். கார்க் கதவைச் சாத்தினேன்.

எஞ்சினைக் கிளப்பியதும் முதலாவது பாட்டுத் தொடங்கியது. இவர் பாடவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். ஆற்றுக்குக் கீழே போகும் சுரங்கப்பாதைக்கு முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. நாங்களும் நின்றோம். பெண் போனாள், வேலை போனது, நாய் செத்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பதினாறும் முடிந்தபோது நாங்கள் பாதித் தூரம்தான் வந்திருந்தோம். அவருடைய கை எழும்பும் என்று பார்த்தேன். எழும்பவில்லை. எனக்கும் நிறுத்த மனமில்லை, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.

பதினேழாவது தொடங்கியது. கிட்டார். இரண்டாவது வரியில் அந்தப் பெரிய மனிதர் தடுக்கினார். இருமினார். என் கணவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். பாடகர் முதலிலிருந்து தொடங்கினார், மறுபடியும் அதே இடத்தில் தடுக்கினார், வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து சீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று நினைத்துப் பதறித் திரும்பினேன். சிரிக்கிறார். வருத்தம் வந்த பிறகு அவர் சிரித்து நான் கேட்டதில்லை. தோள் குலுங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிளேயரைக் கையால் காட்டிக்காட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பின்னாலிருந்தவன் ஹோர்ன் அடித்தான். நான் காரை நகர்த்தவில்லை.

மூன்றாம் தடவை பாடகர் முழுதாகப் பாடினார். முதல் நாள் சண்டையில் கவனிக்காத அந்தப் பாட்டின் கதை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒருவன் வீட்டு வாசல் படலை திருத்த ஆணி வாங்கப் பட்டணத்துக்குப் போகிறான். கண்டதையும் வாங்கிக்கொண்டு ஆணியை மறந்துவிட்டு வருகிறான். பெண்சாதி படலையடியில் நிற்கிறாள். இந்தப் பாட்டில் ஒருவரும் சாகவில்லை, ஒருவரும் போகவுமில்லை. இவ்வளவு நாளும் நல்ல பாட்டைத்தான் நிறுத்தி வைத்திருந்தோம் என்று வாய்விட்டுச் சொன்னேன். இவர் ‘ஓம்’ என்பதுபோலத் தலையாட்டினார்.

அடுத்தநாள் காலை இவரை வீட்டுக்குள் காணவில்லை. வெளியே ஓடினால், வாசலில் நின்ற காருக்குள், எஞ்சினைக் கிளப்பாமல் சாவித் துவாரத்தில் திறப்பை மட்டும் போட்டுக்கொண்டு இருக்கிறார். முதலாவது பாட்டிலிருந்து பதினேழு வரும் வரைக்கும் காத்திருந்து, கேட்டு, திறப்பைத் திருப்பி, மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது நாள் பட்டரி செத்துப்போனது. பக்கத்து வீட்டுக்காரர் வயர் கொண்டுவந்து கொழுவிக் காரைக் கிளப்பித் தந்தார். நான் சிடியை எடுத்துவந்து வீட்டு செட்டில் போட்டு, "இதிலை ரிமோட் இருக்கு. எத்தினையாவது வேணும் எண்டு சொன்னால் நேரை போடலாம். சொல்லுங்கோ" என்றேன்.

இவர் மூச்செடுத்தார். ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று தொடங்கினார். பதினேழு வரைக்கும் எண்ணி நின்றார். நான் போட்டேன்.

இப்படியே ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை. எனக்குப் பொறுமை கிடையாது. ‘ஒண்டு’ என்று தொடங்கும்போதே ரிமோட்டை எடுத்துவிடுவேன். தெரபிஸ்ட் பிள்ளை பார்த்துவிட்டாள். "ஆண்ட்டி, அங்கிள் சொல்றதுக்கு முன்னாடி நீங்க போட்டீங்கன்னா அங்கிள் எதுக்குச் சொல்லணும்? நீங்க சும்மா இருங்க. கஷ்டமா இருந்தா கை கட்டிக்கிட்டு உட்காருங்க." என் வாழ்க்கையில் என்னைச் சும்மா இருக்கச் சொன்னவர்கள் பலர், கேட்டது இந்த ஒரு தடவைதான். கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். சில நாள் பன்னிரண்டில் வழி தவறி மறுபடி ஒன்றுக்குப் போவார். சில நாள் பதினெட்டுக்கு ஓடிவிட்டுத் தலையில் கை வைப்பார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு இருப்பேன். எண்ணாமல் சொல்லிப் பாருங்கோ என்றால் உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. அவள் போகும்போது, "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் ஆண்ட்டி" என்பாள். எத்தனை நாள் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

மச்சாள் மூன்று வாரம் என்னோடு கதைக்கவில்லை. நான்காவது சனிக்கிழமை காலை போன் எடுத்தாள். மன்னிப்புக் கேட்க நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்க, "அதை விடுங்கோ. நான் கதைக்கிறன், அண்ணை கேக்கட்டும். போனை அவரின்ரை காதிலை வையுங்கோ" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்து மணிக்கு எடுப்பாள். எட்மண்டனில் நடந்தது, நடக்காதது எல்லாம் சொல்லுவாள். இவர் கேட்டுக்கொண்டு தலையாட்டுவார். போனுக்குள் தலையாட்டினால் அவளுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் இருந்து, "இப்ப சிரிக்கிறார்", "இப்ப முகத்தைச் சுளிக்கிறார்" என்று நான் செய்தி வாசிப்பேன். உள்ளதை உள்ளபடி சொல்வது அவ்வளவு சுகமாக இருந்தது.

போன சனிக்கிழமையும் எடுத்தாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கதையெல்லாம் முடிந்த பிறகு மச்சாள் கொஞ்சம் தயங்கினாள்.

"அண்ணையின்ரை பாட்டு ஒண்டு கேக்க ஆசையாய்க் கிடக்கு. ஏலாட்டி வேண்டாம், மச்சாள்."

"அதுக்கென்ன" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். பழைய பழக்கம். செட்டுக்குப் போய் முதலாவது பாட்டைப் போடப் போனேன். ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது.

"இல்லை" என்றார்.

தலையை ஆட்டிச் சொல்லவில்லை. வாயால் சொன்னார். அவருடைய உதடு இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, திறந்து, மறுபடி ஒட்டியது. நெற்றியில் வியர்வை. ‘ஒண்டு’ என்று எடுத்துக் கொடுக்க என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டேன்.

"பதினேழு."

ஒன்றில்லை, இரண்டில்லை, மூன்றில்லை. நேராகப் பதினேழு.

ரிமோட்டை எடுத்தேன். வெங்காயக் கண்ணீரோ மற்றதோ, எண்கள் ஒன்றும் தெரியவில்லை. ஒன்று சரியாக அழுந்தவில்லை, ஏழு மட்டும்தான் விழுந்தது. ரயில் பாட்டுத் தொடங்கிவிட்டது. அந்தக் கிட்டார் கேட்டால் போதும், இவர் வாய் தானாகத் திறந்து பாடத் தொடங்கும். இவ்வளவு நாளும் அப்படித்தான். நான் பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் பாடவில்லை. பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே பாய்ந்த சைக்கிள்காரனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். நாக்கால் ‘ச்ச்’ என்றார்.

"ஏழில்லை" என்றார். மூச்செடுத்தார். "பதினேழு. பதினேழைப்... போடும்."

ரயில் பாட்டு தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் இருந்த போனிலிருந்து மச்சாளின் குரல் மெல்ல வந்தது.

"மச்சாள்... அது அண்ணையோ கதைச்சது?"

"ஓம் மச்சாள்" என்றேன். "உங்கடை அண்ணைதான். எனக்கு ஏச்சு விழுகுது."